மேய்ச்சல் நிலம் மாறாத காட்டுக் குதிரைகள்

மங்கோலிய நாட்டில் மக்களைவிடக் கால்நடைகள் பல மடங்கு அதிகம். நாட்டின் மொத்த மக்கள் தொகை சென்னை மாநகரின் மக்கள் தொகைக்குக்கூட எட்டாது. ஆனால் ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் ஆகியவை சேர்ந்து கோடிக் கணக்கில் உள்ளன. அங்குள்ள மேய்ப்பர்களுக்குப் புல்வெளியே நிலம், மந்தையே சொத்து. 2009-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கிய குளிர்காலம் அவர்களுக்குப் பேரிடியாக வந்தது. 2010-ஆம் ஆண்டு கோடை பிறப்பதற்குள் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. ஆயிரக் கணக்கான குடும்பங்களுக்கு ஓர் ஆடுகூட மிஞ்சவில்லை.

அதே பனியில், நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள பெரிய கோபி பாலைவனச் சரணாலயத்தில், காட்டுக் குதிரைகளும் காட்டுக் கழுதைகளும் மேய்ந்து கொண்டிருந்தன. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே மாதிரியான புல்லைத் தின்பவை. பனி விலகியபோது குதிரைகளில் பெரும்பகுதி மடிந்திருந்தது. கழுதைகளோ பெரும் சேதமின்றித் தப்பியிருந்தன. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை ஆய்வாளர்கள் அவற்றின் பழக்க வழக்கங்களில் கண்டனர். கால்நடை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அந்த விவரம் பயனுடையது.

எது காட்டுக் குதிரை?

நம் கோடியக்கரை சரணாலயத்தில் திரியும் மட்டக் குதிரைகளைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை வீட்டுக் குதிரைகளின் வழி வந்து, கட்டுத்தறி மறந்து, தாமாக வாழப் பழகியவை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கூட்டங் கூட்டமாகத் திரிகின்றவையும் அப்படியே. மங்கோலியாவின் குதிரை வேறு. அந்நாட்டு மக்கள் அதைத் 'தாகி' என்று அழைக்கின்றனர். 1878-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்யப் பயணி பிரெஸ்வால்ஸ்கி இதன் தோலையும் மண்டை ஓட்டையும் கொண்டு சென்றதால், வெளிநாட்டு நூல்களில் அவர் பெயராலேயே குறிக்கப்படுகிறது.

தாகி குட்டையான, உருண்டு திரண்ட குதிரை. எடை 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். உடல் மணல் நிறம், கால்கள் கறுப்பு, வாய்ப்பகுதி வெளுப்பு, முதுகில் ஒரு கருங்கோடு. பிடரி மயிர் வீட்டுக் குதிரைக்குப் போல் சரிந்து விழாமல் துடைப்பம்போல் நிமிர்ந்து நிற்கும். நெற்றியில் மயிர்க்கற்றை இராது. வீட்டுக் குதிரைக்கு 64 குரோமோசோம்கள், தாகிக்கு 66. ஆயினும் இரண்டும் கூடினால் பிறக்கும் கலப்புக் குட்டி மலடாவதில்லை; அதுவும் இனம் பெருக்கும். கோவேறு கழுதையைப் போன்றதல்ல இது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னால் இது பெரிய தொல்லையாகிறது.

5,500 ஆண்டுகளுக்கு முன் கஜகஸ்தானில் போட்டாய் என்னும் இடத்தில் மக்கள் வளர்த்த குதிரைகளின் வழிவந்ததே தாகி என்று 2018-ல் ஒரு மரபணு ஆய்வு கூறியது. அந்தக் குதிரைகள் வளர்க்கப்பட்டவையே அல்ல, வேட்டையாடப்பட்டவை என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்துள்ளனர். விவாதம் எப்படி முடிந்தாலும், பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் சேணம் போடாத குதிரை இது ஒன்றே எனலாம்.

வேட்டையாலும், மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் வீட்டுக் கால்நடைகளோடு ஏற்பட்ட போட்டியாலும் தாகி குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் காட்டுத் தாகி 1969-ல் காணப்பட்டது. அதன் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிருகக் காட்சி சாலைகளில் மட்டுமே இந்த இனம் மிஞ்சியது. இன்று உயிரோடு இருக்கும் தாகிகள் யாவும் முன்னர் பிடிக்கப்பட்ட சுமார் 12 காட்டுக் குதிரைகளின் சந்ததியே. சிறிதளவு வீட்டுக் குதிரை இரத்தமும் இடையில் கலந்தது.

1992-ல் இவற்றைத் தாய்நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் பணி இரண்டு இடங்களில் தொடங்கியது. ஒன்று, தலைநகர் உலான்பாத்தருக்கு மேற்கே சுமார் 100 கிலோ மீட்டரில் உள்ள ஹுஸ்தாய். மற்றொன்று, மேலே கூறிய கோபி சரணாலயத்தின் ஓரத்தில் உள்ள தாகின் தால். ஹுஸ்தாய்க்கு அனுப்பியவர்கள் ஒரு முன்யோசனை செய்தனர். மிருகக் காட்சி சாலைக் குதிரைகளை நேரே விமானத்தில் ஏற்றாமல், நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் வேலியிட்ட பெரிய மேய்ச்சல் நிலங்களில் சில காலம் கூட்டமாக வாழ விட்டு, ஒன்றோடொன்று பழகிய குதிரைகளையே அனுப்பினர். மங்கோலியாவிலும் உடனே திறந்து விடவில்லை. அடைப்புகளில் வைத்து அந்த ஊர்ப் புல்லுக்கும் குளிருக்கும் பழக்கிய பிறகே வெளியே விட்டனர்.

தாகின் தாலில் முதல் ஆண்டுகளில் உண்ணியால் பரவும் இரத்தக் காய்ச்சல் பல குதிரைகளைக் கொன்றது. உண்ணியே காணாத இடத்தில் வளர்ந்த குதிரைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. வெளியூர்ச் சந்தையில் நல்ல கலப்பினப் பசுவை வாங்கி வந்து, சில வாரங்களில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

குடும்பமும் ஆண் கூட்டமும்

காட்டுக் குதிரைகள் ஒரே பெரிய மந்தையாக வாழ்வதில்லை. சிறு சிறு குடும்பங்களாக வாழ்கின்றன. ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் இவையே ஒரு குடும்பம். பெட்டைகளுக்கிடையே நட்பு ஆண்டுக் கணக்கில் நீடிக்கும். பொலிகுதிரை மாறினாலும் பெட்டைகள் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். இரண்டு, மூன்று வயதானதும் ஆண், பெண் இரண்டுமே பிறந்த குடும்பத்தை விட்டு வெளியேறுகின்றன. பெட்டை வேறொரு குடும்பத்தில் சேர்ந்துகொள்ளும். இதனால் நெருங்கிய இரத்தக் கலப்பு தானாகவே தவிர்க்கப்படுகிறது. ஒரே கிடாவை ஆண்டுக் கணக்கில் மாற்றாமல் மந்தையில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளியேறிய இளம் ஆண்கள் தமக்குள் ஒரு கூட்டம் சேர்ந்து திரிகின்றன. அங்கே விளையாட்டாகக் கடிப்பதும் உதைப்பதும் முன்னங்கால் தூக்கி நிற்பதுமாகச் சண்டை பழகுகின்றன. ஏறக்குறைய ஐந்து வயதில் ஒரு ஆண் தனக்கென்று பெட்டைகளைத் தேடிப் புறப்படுகிறது. கிழட்டுப் பொலியை விரட்டிக் குடும்பத்தைக் கைப்பற்றும் புதிய பொலி, சில சமயம் முந்திய பொலிக்குப் பிறந்த இளங்குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிடுவதும் பதிவாகியுள்ளது. பிஞ்சிலேயே கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே வளர்க்கப்பட்ட ஆண் குதிரைக்குப் பெட்டைகளோடு பழகத் தெரியாமல் மூர்க்கம் கூடுகிறது. குடும்பம் என்பது குதிரைக்குப் பள்ளிக்கூடமும் ஆகும்.

பொலிதான் முன்னே நடந்து வழி காட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தண்ணீருக்கோ புதிய மேய்ச்சலுக்கோ முதலில் அடியெடுத்து வைப்பது பல நேரங்களில் வயது முதிர்ந்த ஒரு பெட்டையாக இருக்கும். பொலி பெரும்பாலும் பின்னால் வரும், அல்லது பக்கவாட்டில் காவல் நிற்கும். விலகிப் போகும் பெட்டையைத் திருப்ப வேண்டுமானால் காதுகளை மடக்கி, தலையைத் தரையளவு தாழ்த்தி, பாம்பு நெளிவதுபோல் கழுத்தை அசைத்துக்கொண்டு விரட்டும். நடைபாதையில் ஒரே இடத்தில் லத்தி போட்டுக் குவியலாக்கும். அடுத்த குடும்பத்தின் பொலி அவ்வழி வந்தால் மோந்து பார்த்துத் தானும் அதன்மேல் போட்டுவிட்டுப் போகும். இரண்டு பொலிகள் நேருக்கு நேர் மோதுவதைவிட இந்தக் குவியலருகே நின்று கனைத்துப் பிரிவதே அதிகம்.

குட்டிகள் பெரும்பாலும் வைகாசி, ஆனி மாதங்களில், புல் தழைக்கும் சமயத்தில் பிறக்கின்றன. பிறந்த ஒரு மணி நேர அளவில் எழுந்து நின்று, சிறிது நேரத்தில் தாயுடன் ஓடவும் தொடங்கிவிடும். ஓடித்தான் ஆக வேண்டும். ஹுஸ்தாயில் ஓநாய்கள் உண்டு. ஆண்டுதோறும் சில குட்டிகள் அவற்றுக்கு இரையாகின்றன. ஓநாய் நெருங்கினால் பெட்டைகள் குட்டிகளை நடுவில் விட்டு நெருங்கி நிற்கும். பொலி ஓநாயை எதிர்த்து விரட்டும். ஓநாயைக் கண்டே இராத மிருகக் காட்சி சாலைப் பரம்பரை சில ஆண்டுகளிலேயே இதை மீட்டுக்கொண்டது வியப்புக்குரியது.

ஈ விஷயத்திலும் கூட்டம் உதவுகிறது. பிரான்ஸ் நாட்டின் தென்கோடியில் காமார்க் சதுப்பு நிலத்தில் திறந்த வெளியில் வாழும் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், கடி ஈக்கள் மிகுந்த நாட்களில் குதிரைகள் பெரிய கூட்டமாகச் சேர்வதையும், பெரிய கூட்டத்தில் ஒரு குதிரைமீது உட்காரும் ஈக்கள் குறைவதையும் எண்ணிக் காட்டினர். இரண்டு குதிரைகள் தலைக்கு வாலாக நின்று ஒன்றின் முகத்தை மற்றொன்று வாலால் விசிறுவதும் இதற்கே. கழுத்தும் முதுகும் சேரும் இடத்தை ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடும்போது குதிரையின் நெஞ்சுத் துடிப்பு தணிகிறது என்றும் அங்கேயே அளந்து கண்டனர். மாலையில் தொழுவத்தில் மூட்டம் போடும் வழக்கம் குறைந்துவிட்ட ஊர்களில், மாடுகள் ஈத்தொல்லையால் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கூடி நிற்பதைக் காணலாம். காரணம் ஒன்றே.

மாடும் குதிரையும் மேய்வதில் உள்ள வேறுபாடு

மாட்டுக்கு மேல் வரிசையில் முன்பற்கள் இல்லை. நாக்கால் புல்லைச் சுற்றிப் பிடுங்கும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப் பற்கள் உண்டு. கத்தரிக்கோல்போல் தரையோடு ஒட்ட அரிந்துவிடும். மாடு வயிறு நிரம்பியதும் படுத்து அசைபோட வேண்டும். குதிரைக்கு அசைபோடும் வயிறு இல்லை. அது தின்ற நாரை, குடலின் பின்பகுதியில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. இதனால் தீனியின் சத்தை மாட்டின் அளவுக்கு முழுதாக எடுக்க முடியாது. ஆனால் தீனி விரைவில் கடந்து செல்வதால் மேலும் மேலும் தின்னலாம். கரடான முற்றிய புல்லானாலும் ஏராளமாகக் கிடைத்தால் குதிரை தேறும். தீனியின் அளவு குறைந்தால்தான் அதற்கு ஆபத்து. ஆகவேதான் காட்டுக் குதிரை நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை மேய்ச்சலில் கழிக்கிறது, இரவிலும் மேய்கிறது. கோடையின் நடுப்பகலில் காற்றோட்டமுள்ள மேட்டு முகடுகளுக்கு ஏறி நின்று வெப்பத்தையும் ஈயையும் கழித்துவிட்டு, மாலையில் பள்ளத்துக்கும் நீர்த்துறைக்கும் இறங்குகிறது.

வேலிக்குள் வைக்கும்போது குதிரை தன் லத்தி விழும் இடத்தில் மேயாது. அங்கே புல் உயர்ந்து நிற்கும், மற்ற இடம் மொட்டையாகும். குடற்புழு ஒட்டாமல் இருக்க இது இயற்கை தந்த பழக்கம். அந்த உயர்ந்த புல்லை மாடு தயங்காமல் மேயும். குதிரைப் புழுவில் பெரும்பாலானவை மாட்டுக்குத் தொற்றுவதில்லை என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றி மேய விடுவது நல்ல முறையே.

குளிர்காலத்தில் தாகி தண்ணீருக்குப் பதில் பனியைத் தின்கிறது. முன்னங்குளம்பால் பனியைக் கிளறி அடியில் உள்ள காய்ந்த புல்லைத் தேடித் தின்கிறது. வியன்னா ஆய்வாளர்கள் இவ்வகைக் குதிரைகளின் உடலில் கருவி பொருத்திப் பார்த்ததில், குளிர்காலத்தில் நடமாட்டத்தையும் உடற்சூட்டையும் சற்றே குறைத்துச் சத்தைச் சிக்கனம் செய்வது தெரிய வந்தது. மத்திய ஆசிய மேய்ப்பர்கள் குதிரையின் குளம்பை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். பனி மூடிய நிலத்தில் முதலில் குதிரைகளை ஓட்டிப் பனியை உடைக்க விட்டு, அதன் பின் மாடுகளையும், கடைசியில் ஆடுகளையும் மேய விடுவர். ஆட்டின் சிறு குளம்பு உறைந்த பனியை உடைக்காது.

ஜுட் என்னும் கொடுங்குளிர்

மங்கோலியர்கள் கால்நடையைக் கொல்லும் குளிர்காலத்தை 'ஜுட்' என்று கூறுவர். அதிலும் வகை உண்டு. புல்லை எட்ட முடியாதபடி பனி ஆழமாக விழுந்தால் வெள்ளை ஜுட். பனி உருகி மறுபடி உறைந்து பாளமாகிவிட்டால் இரும்பு ஜுட். பனியே விழாமல் தண்ணீருக்கும் வழியின்றிப் போனால் கறுப்பு ஜுட்.

2009-ல் கோடை வறண்டது. புல் குறைவு, கால்நடைகள் கொழுப்பேறாமலே குளிர்காலத்துக்குள் நுழைந்தன. பின்னர் பனி ஆழமாக விழுந்தது. குளிர் உறைநிலைக்குக் கீழ் 40 டிகிரியையும் தாண்டியது. கால்நடைகளின் எண்ணிக்கையும் முன்பு இருந்த அளவில் இல்லை. 1990-ல் நாடு முழுவதும் சுமார் இரண்டரைக் கோடியாக இருந்தது, கூட்டுப் பண்ணைகள் கலைந்து மந்தைகள் தனியார் கைக்கு வந்த பின் 2009-ல் சுமார் 4 கோடியே 40 லட்சமாக ஏறியிருந்தது. காஷ்மீர் ரோமத்துக்கு விலை இருந்ததால் வெள்ளாடு மிகவும் பெருகியது. வெள்ளாட்டுக்கு உடலில் கொழுப்பு குறைவு. கடுங்குளிரில் முதலில் விழுவது அதுவே. சரணாலயத்தைச் சுற்றியிருந்த மேய்ப்பர்கள் சராசரியாகத் தம் கால்நடைகளில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தனர்.

சரணாலயத்துக்குள் 137 தாகிகள் இருந்தன. குளிர்காலம் முடிந்தபோது ஐம்பதுகூட மிஞ்சவில்லை.

ஜுட்டுக்கு முன்பே சில தாகிகளுக்கும் காட்டுக் கழுதைகளுக்கும் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி அவற்றின் நடமாட்டத்தை ஆய்வாளர்கள் அளந்திருந்தனர். தாகிக் குடும்பங்கள் நல்ல புல்லும் தண்ணீரும் உள்ள இடங்களைத் தேர்ந்து, 150 முதல் 830 சதுர கிலோ மீட்டருக்குள்ளேயே ஆண்டு முழுவதும் சுற்றின. காட்டுக் கழுதைகள் 4,400 முதல் 6,800 சதுர கிலோ மீட்டர் வரை அலைந்தன. அவை புல்லைப் பொறுக்கித் தேர்வதில்லை, கிடைத்ததை மேயும். வறண்ட ஆற்று மணலைக் குளம்பால் தோண்டி ஊற்று நீரும் குடிக்கும். நிலையான குடும்பம் என்று அவற்றுக்கு இல்லை. இன்று சேரும், நாளை பிரியும்.

நல்ல ஆண்டில் தாகியின் வழியே சிறந்த வழி. தெரிந்த நிலம், தெரிந்த நீர்த்துறை, தெரிந்த ஓநாய்ப் பாதை. ஒரே இடத்தைக் குட்டிக்குக் குட்டி கற்றுக்கொடுத்து வாழ்வதில் இலாபம் உண்டு. ஜுட் வந்தபோது அந்த அறிவே கண்ணியாயிற்று. தெரிந்த இடம் முழுவதும் பனிக்குள் போய்விட்டது. அதற்கு அப்பால் பனி குறைந்த நிலம் இருந்ததும், அந்தக் குடும்பங்களில் எதற்கும் அது பழகிய இடமாக இல்லை. அவை தம் எல்லையைத் தாண்டவில்லை. கழுதைகளோ பனி குறைந்த பகுதியைத் தேடி நகர்ந்துவிட்டன. மிருகக் காட்சி சாலையிலிருந்து வந்து இருபது ஆண்டுகூட ஆகாத இனம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொலை நிலங்களின் வழியறிந்த கிழட்டுப் பெட்டை எதுவும் அவற்றிடையே இல்லை. 1969-லேயே அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டது.

மேய்ப்பர்களுக்கு அந்த வழி தெரியும். கெட்ட ஆண்டில் மந்தையை வழக்கமான எல்லைக்கு வெளியே நெடுந்தொலைவு ஓட்டிச் செல்வதை அவர்கள் 'ஓத்தோர்' என்கின்றனர். இராமநாதபுரம் பக்கத்துக் கிடைக்காரர்கள் வறட்சிக் காலத்தில் தஞ்சைப் பகுதிக்கு ஆடு ஓட்டி வருவதை ஒத்தது. நேரத்தோடு கிளம்பினால்தான் அது பலிக்கும். பனி விழுந்து வழி அடைபட்ட பின் மெலிந்த ஆட்டை ஓட்டிச் செல்ல இயலாது.

இடர் ஒரே இடத்தில் விழுந்தால் ஒரு சரணாலயத்தின் விலங்கே அழியும் என்பதை நம் பகுதியினரும் கண்டுள்ளனர். 2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரையைத் தாக்கியபோது அங்கே மான்களும் மட்டக் குதிரைகளும் மடிந்தன.

ஜுட்டுக்குப் பின்

கோபியில் மிஞ்சிய தாகிகளுக்குப் புது இரத்தம் சேர்க்க, செக் நாட்டின் பிராகா மிருகக் காட்சி சாலை விமானத்தில் குதிரைகளைக் கொண்டுவந்து விட்டது. அங்கே எண்ணிக்கை பின்னர் பல மடங்காகப் பெருகியது. ஹுஸ்தாயில் இப்போது 350-க்கும் மேற்பட்ட தாகிகள் உள்ளன. நாட்டின் மேற்கில் கோமின் தால் என்னும் இடத்தில் 2004-ல் தொடங்கிய மூன்றாவது கூட்டமும் நிலைத்துவிட்டது.

இன்று சரணாலயக் காவலர்களின் அன்றாடக் கவலை கலப்புதான். குடும்பம் அமையாத இளம் தாகி ஆண், எல்லையில் மேயும் மேய்ப்பரின் பெட்டைக் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடும். மேய்ப்பரின் பொலி உள்ளே புகுந்து தாகிப் பெட்டையோடு சேர்வதும் உண்டு. கலப்புக் குட்டி இனம் பெருக்குமாதலால் விட்டால் சில தலைமுறையில் தாகி என்று தனியே ஒன்று இராது. எனவே வீட்டுக் குதிரைகளை எல்லைக்கு வெளியே நிறுத்தக் காவலர்கள் ஓயாமல் சுற்ற வேண்டியிருக்கிறது. மேய்ப்பர்களுக்கோ சரணாலயத்துக்குள் தெரியும் உயர்ந்த புல்லின்மீது கண். இந்த வழக்கு எளிதில் தீரக்கூடியதல்ல. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

2024 ஜூனில் ஏழு தாகிகள் பெர்லினிலிருந்தும் பிராகாவிலிருந்தும் கஜகஸ்தான் நாட்டின் மத்தியப் புல்வெளிக்குக் கொண்டு செல்லப்பட்டன. மங்கோலியாவின் ஜுட் எட்டாத வேறொரு நாட்டிலும் இனம் வேரூன்ற வேண்டும் என்பது நோக்கம். ஹுஸ்தாயில் செய்ததைப் போலவே, முதலில் வேலியிட்ட நிலத்தில் வைத்துப் பனியைக் கிளறித் தின்னவும் அந்நாட்டுக் கடி ஈக்களைத் தாங்கவும் பழக்கி, அதன் பிறகே திறந்துவிடுவது என்று திட்டமிடப்பட்டது.